லேட்டன்சி குறைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் எது? (வீட்டில் பாட்டு, கீபோர்டு, மிருதங்கம் பதிவு)

கேள்வி – பிப்ரவரி 11, 2024

வீட்டிலேயே பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் என்ற பதிவு மென்பொருள், 61 கீ உள்ள மிடி கீபோர்டு. கீயை அழுத்தினால் சத்தம் பிந்தித்தான் வருகிறது (இந்தத் தாமதம்தான் லேட்டன்சியாம்), வேகமாக எதையும் வாசிக்க முடியவில்லை. தங்கை பாடுவாள், அவளையும் பதிய வேண்டும். மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வேண்டும். கடையில் கேட்டால் தண்டர்போல்ட் இணைப்பு உள்ள இன்டர்ஃபேஸ் வாங்கினால்தான் லேட்டன்சி போகும், யூஎஸ்பி வேலைக்கு ஆகாது என்கிறார்கள். அவ்வளவு பணம் கையில் இல்லை. எதை வாங்கலாம்?

பதில் – பிப்ரவரி 11, இரவு

தண்டர்போல்ட் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல மைக்கும் ஸ்டாண்டும் வாங்குங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை விநாடிக்கு 48,000 துளிகளாக (சாம்பிள்) அளந்து அனுப்பினால், ஒரு சானலுக்கு விநாடிக்கு 1.152 மெகாபிட் போகிறது. இரண்டு சானல் உள்ளே, இரண்டு வெளியே என்றால் மொத்தம் 4.6 மெகாபிட். யூஎஸ்பி 2.0 தாங்குவது 480. பாதை காலியாகக் கிடக்கிறது. தண்டர்போல்ட்டில் தாமதம் இன்னும் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு குரலும் ஒரு கீபோர்டும் பதிகிறவருக்கு அந்தக் கொஞ்சம் காதில் விழாது. டைப் சி இருந்தால் வேகம் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். அது சொருகும் வாயின் வடிவம், அவ்வளவுதான். மோட்டு எம்2 என்ற இன்டர்ஃபேஸில் இருப்பது டைப் சி வாய், உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2.0. நல்ல பெயர் எடுத்த கருவி அது.

தாமதத்தைத் தீர்மானிப்பது டிரைவர்.

பிப்ரவரி 12, காலை

நேற்று தூக்கத்தில் எழுதியது, டிரைவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டிரைவர் என்பது இன்டர்ஃபேஸையும் கணினியையும் பேச வைக்கும் மென்பொருள்.

கணினி ஒலியை ஒவ்வொரு சாம்பிளாகக் கையாளாது, ஒரு வாளி நிரம்பிய பிறகுதான் தூக்கும். அந்த வாளிதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லி விநாடி, 128 என்றால் 2.7, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21. மைக்கில் பாடுவது உள்ளே ஒரு வாளி, ஹெட்ஃபோனுக்கு வெளியே ஒரு வாளி. ஆக 128 வைத்தால் போய் வர 5.3 மில்லி விநாடி. விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையில் நடுவே விண்டோஸின் சொந்த மிக்ஸரும் உட்கார்ந்திருக்கிறது, யூடியூப் சத்தம், வாட்ஸ்அப் சத்தம் எல்லாவற்றையும் கலந்து அனுப்புவதற்காக. அதைச் சுற்றிக்கொண்டு மென்பொருள் நேராக இன்டர்ஃபேஸோடு பேசத்தான் ஸ்டைன்பெர்க் 1997இல் ஆசியோ என்ற முறையைக் கொண்டுவந்தது. இன்டர்ஃபேஸ் தயாரித்தவரே எழுதிய ஆசியோ டிரைவர் இருக்கிறதா என்பதுதான் வாங்குமுன் பார்க்க வேண்டிய முதல் விஷயம். ஆசியோ4ஆல் அப்படியல்ல, விண்டோஸின் பொதுவான டிரைவர் மேல் போர்த்திய போர்வை அது. அவசரத்துக்கு உதவும், அதை நம்பிக் கருவி வாங்கக் கூடாது.

5 மில்லி விநாடி என்றால் எவ்வளவு? கச்சேரி மேடையில் பாடுபவருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்கும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அந்த ஒன்றரை மீட்டரைக் கடக்க 4.4 மில்லி விநாடி. அந்தத் தாமதத்தோடுதான் எல்லோரும் காலம் காலமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள், யாருக்கும் உறுத்தியதில்லை.

நீங்கள் இப்போது ரீப்பரில் எந்த டிரைவர் தேர்ந்திருக்கிறீர்கள், பஃபர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12, இரவு

டைரக்ட் சவுண்ட் (விண்டோஸின் அந்தச் சாதாரண ஒலிப் பாதைதான்), பஃபர் 1024 என்கிறீர்கள். பிந்தாமல் என்ன செய்யும்! வாங்கும் வரை வசாப்பி எக்ஸ்க்ளூசிவ் (மிக்ஸரைத் தவிர்க்கும் விண்டோஸின் இன்னொரு பாதை) அல்லது ஆசியோ4ஆல் போட்டு 256க்கு இறக்கிப் பாருங்கள். பாதி வியாதி இன்றைக்கே போய்விடும்.

காலையில் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். போய் வரும் கணக்கு குரலுக்கும் கிடாருக்கும்தான். மிடி கீபோர்டு ஒலியை அனுப்புவதில்லை, எந்தக் கீ, எவ்வளவு அழுத்தம் என்ற செய்தியை மட்டும் அனுப்புகிறது. ஒலி பிறப்பதே கணினிக்குள். அதனால் வெளியே வரும் பாதி மட்டும்தான் உங்கள் தாமதம். பெட்டியில் போட்டிருக்கும் ரவுண்ட் ட்ரிப் (போய் வரும் நேரம்) எண்ணைப் பார்த்துக் கீபோர்டு வாசிப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கிறீர்களா? அப்படியானால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதில் மட்டுமே நூறு, இருநூறு மில்லி விநாடி போய்விடும். கம்பி வைத்த ஹெட்ஃபோன்தான்.

பிப்ரவரி 14

தங்கை பாடுவதைப் பற்றி.

குரல் பதிய லேட்டன்சி குறைந்த கருவியே தேவையில்லை என்பது என் கட்சி. அநேகமாக எல்லா இன்டர்ஃபேஸிலும் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கிறது. அதைப் போட்டால் மைக்கில் வருவது கணினிக்குள் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். பஃபரை 1024இல் வைத்தாலும் பாடுபவருக்குத் தெரியாது.

ஆனால் அதைப் போட்டுவிட்டு ரீப்பரில் டிராக்கின் மானிட்டரை அணைக்க மறந்தால் வம்பு. என் மகள் முதன்முதலாகப் பாடியபோது இரண்டு வரி பாடிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி, "அப்பா, எனக்குப் பின்னாடி இன்னொருத்தி பாடுறா" என்றாள். இரண்டு பாதையும் திறந்திருந்தது, நேராக ஒரு குரல், கணினியைச் சுற்றி வந்த குரல் ஒன்று. அன்றிலிருந்து அந்த மானிட்டர் பொத்தானுக்கு எங்கள் வீட்டில் "இன்னொருத்தி" என்றுதான் பெயர். பதிவுக்கு முன் "இன்னொருத்தி போயிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

மென்பொருள் வழியாகத்தான் தன் குரலைக் கேட்பேன் என்பவர்களுக்கு 5 மில்லி விநாடிகூடத் தொல்லைதான், அதுவும் வேறு மாதிரி தொல்லை. பாடும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது, அதற்குத் தாமதமே கிடையாது. ஹெட்ஃபோனில் 5 மில்லி விநாடி பிந்தி வரும் அதே குரல் அதோடு சேரும்போது 100 ஹெர்ட்ஸ், 300, 500 என்று சில இடங்களில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். பிந்துவதாகத் தெரியாது, பீப்பாய்க்குள் பாடுவது போல இருக்கும். "குரல் நல்லா இல்லையே" என்று பாடுபவர் சோர்ந்துபோவார், காரணம் யாருக்கும் புரியாது.

பிப்ரவரி 15

ஈரமே இல்லாமல் வறட்டுக் குரலைக் கேட்டுக்கொண்டு பாட முடியாது, காதில் ரிவர்ப் (மண்டப எதிரொலி போன்றது) வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். அதற்கு ரிவர்ப்பை இன்டர்ஃபேஸுக்குள்ளேயே வைத்துத் தரும் கருவிகள் இருக்கின்றன. ஸ்டைன்பெர்க் யூஆர்22சியில் அந்த வசதி உண்டு, மேல்தட்டில் யூனிவர்சல் ஆடியோவின் அப்பல்லோ. காதுக்கு மட்டும் ரிவர்ப் போகும், பதிவில் வறண்ட குரலே விழும்படி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, ரிவர்ப்பை மட்டும் மென்பொருளிலிருந்து அனுப்புவது, நேரடிக் குரலை டைரக்ட் மானிட்டரில் கேட்பது. ரிவர்ப் 10 மில்லி விநாடி பிந்தினால் என்ன, மண்டபத்தில் எதிரொலி பிந்தித்தானே வரும்.

பிப்ரவரி 17

12ஆம் தேதி 5.3 மில்லி விநாடி என்று கணக்குப் போட்டது காகிதக் கணக்கு. இன்று என் இன்டர்ஃபேஸை அளந்தேன், 128 சாம்பிளில் வந்தது 498 சாம்பிள், அதாவது 10.4 மில்லி விநாடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மீதி எங்கே போனது? ஒலியை எண்ணாக்கும் சிப்பும் எண்ணை ஒலியாக்கும் சிப்பும் சேர்ந்து ஒரு மில்லி விநாடி அளவு எடுக்கும். மற்றது டிரைவர் தனக்காக ஒளித்து வைத்திருக்கும் பாதுகாப்பு பஃபர். சத்தம் அறுந்தால் வாங்கியவர் திட்டுவார் என்று தயாரிப்பாளர் கூடுதலாக ஒரு வாளி வைத்துவிடுகிறார், அது எந்தத் திரையிலும் தெரியாது. ஒரே 128இல் ஒரு கருவி 7 கொடுக்கும், இன்னொன்று 12 கொடுக்கும் என்றால் வித்தியாசம் இங்கேதான்.

அளப்பது சுலபம், எல்லோரும் ஒருமுறை செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் கால் அங்குல ஜாக் உள்ள ஒரு கேபிள். ஒரு முனை இன்டர்ஃபேஸின் பின்னால் லைன் அவுட்டில், மறுமுனை முன்னால் லைன் இன்னில். டைரக்ட் மானிட்டரை அணையுங்கள், டிராக் மானிட்டரையும் அணையுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஹெட்ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு டிராக்கில் ஒரே ஒரு க்ளிக் ஒலியை வைத்து அதை ஓடவிட்டு இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக விழும். இப்போது பெரிதாக்கிக்கொண்டே போங்கள். முதலில் இரண்டும் ஒரே கோட்டில் இருப்பது போலத் தெரியும், பிறகு ஒரு மயிரிழை விலகல் தெரியும், கடைசியில் சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்போது மேலே உள்ள க்ளிக்கின் முதல் புள்ளியிலிருந்து கீழே உள்ளதன் முதல் புள்ளி வரை தேர்ந்தெடுத்தால் எத்தனை சாம்பிள் என்று ரீப்பரே சொல்லும். மொத்தத் தாமதத்தை ஒரே எண்ணாகப் பார்க்க வேண்டும் என்றால் அதே கேபிளோடு ஆர்டிஎல் யுடிலிட்டி என்ற சிறிய இலவச மென்பொருள் போதும்.

பிப்ரவரி 18

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. 14ஆம் தேதி "டைரக்ட் மானிட்டர் இருந்தால் போதும்" என்று எழுதியது பாதிதான் சரி. மீதிப் பாதியை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இங்கே படிப்பவர் யாராவது அதே தவறைச் செய்வார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன், அப்போது பதினேழு வயது, மிருதங்கம் வாசிப்பான். 2022 மே மாதம் என் மகள் பாடிய ஒரு பாட்டுக்கு அவனை வாசிக்கச் சொன்னேன். கும்பகோணத்து மே. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதிய முடியும். அந்தச் சூட்டில் வலந்தலை (வலது பக்கத் தோல்) சுருதி ஏறிக்கொண்டே போகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல்லை எடுத்துத் தட்டிச் சேர்த்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பையன் வாசித்தான். மகளின் குரல் முன்பே பதிந்திருந்தது, ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 வேகத்தில் தாளம் காட்டும் க்ளிக். அவன் அதை ஹெட்ஃபோனில் கேட்டு வாசித்தான்.

பிறகு போட்டுக் கேட்டால் மிருதங்கம் பின்னால் இழுக்கிறது. முதல் காலத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, மேல் காலத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் அவனிடம், "கை கொஞ்சம் பின்னாடி நிக்குதுப்பா, மெட்ரோனோம் வச்சு சாதகம் பண்ணு" என்று சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனான். ஒரு வாரம் மெட்ரோனோமோடு உட்கார்ந்தான் என்று அவன் அம்மா சொன்னார். திரும்ப வந்து வாசித்தான், அதே இழுவை. அவன் முகம் விழுந்துவிட்டது.

அன்று இரவு இரண்டு பதிவையும் பெரிதாக்கிப் பார்த்தேன். க்ளிக்குக்கும் வலந்தலை அடிக்கும் நடுவே 1,100 சாம்பிளை ஒட்டி ஓர் இடைவெளி. அடுத்த அடி, அதே அளவு. அடுத்தது, அதே. முப்பது நாற்பது அடி பார்த்தேன், எல்லாம் அதே இடத்தைச் சுற்றித்தான். அப்போதுதான் உறைத்தது. மனிதக் கை பிந்தினால் ஓரிடத்தில் 5 மில்லி விநாடி, இன்னோரிடத்தில் 30 என்று சிதறும். நாற்பது அடியும் ஒரே அளவு பிந்த எந்தக் கையாலும் முடியாது. அது இயந்திரம்.

கேபிளைச் சொருகி அளந்தேன், 1,104 சாம்பிள் விலகல், 23 மில்லி விநாடி. அப்போது நான் வைத்திருந்தது சொந்த டிரைவர் இல்லாத ஒரு மலிவான இன்டர்ஃபேஸ், மேலே போர்த்திய பொது டிரைவர். பதிந்ததை எவ்வளவு முன்னால் இழுத்து வைக்க வேண்டும் என்று டிரைவர்தான் ரீப்பருக்குச் சொல்கிறது. இது குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி ரீப்பர் ஒவ்வொரு டிராக்கையும் 23 மில்லி விநாடி பின்னால் வைத்திருக்கிறது. பையன் காதில் கேட்டது சரி, வாசித்தது சரி, விழுந்த இடம் தவறு. 80 வேகத்தில் ஓர் அட்சரம் 750 மில்லி விநாடி, அதில் எட்டு அடி அடித்தால் அடிக்கு 94. அதில் கால் பங்கை இயந்திரம் தின்றிருக்கிறது.

குரலுக்கு இது நடந்தபோது எனக்குத் தெரியவே இல்லை. குரல் மெல்ல எழும்புகிறது, 23 மில்லி விநாடி அதற்குள் கரைந்துவிடும். மிருதங்கம் மறைக்காது.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். திரையில் அந்த நாற்பது இடைவெளியையும் காட்டினேன், பிறகு டிராக்கை 1,104 சாம்பிள் முன்னால் தள்ளிப் போட்டுக் காட்டினேன். மேல் காலம் அப்படியே க்ளிக் மேல் உட்கார்ந்தது. "அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா மாமா?" என்று கேட்டான். அவன் அம்மா முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 19

இந்த விலகலைச் சரி செய்யும் இடம்: ரீப்பரில் பிரிஃபரன்ஸஸ், ஆடியோ, ரெக்கார்டிங் பக்கத்தில் மேனுவல் ஆஃப்செட் என்று ஒரு கட்டம். அளந்த சாம்பிள் எண்ணை அங்கே போட்டுவிட்டு மறுபடி கேபிள் சோதனை செய்யுங்கள். இடைவெளி மறையாமல் இரட்டிப்பானால் குறியை மாற்றிப் போடுங்கள். பஃபரையோ சாம்பிள் ரேட்டையோ மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

மேலே 498 என்று எழுதியதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 498 மொத்தத் தாமதம். டிரைவர் அதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் ரீப்பரே இழுத்து வைத்துவிடும், பதிவில் விலகல் பூஜ்யமாக இருக்கும். சொல்லாமல் விட்ட மீதிதான் ஆஃப்செட். என் இப்போதைய கருவியில் அது 2 சாம்பிள், அதைத் தொடவில்லை.

பிப்ரவரி 24

சரி, எதை வாங்குவது. இத்தனை எழுதிவிட்டுப் பெயர் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள்.

கீபோர்டும் தங்கையும் மட்டும் என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதும் என்று நினைத்தேன், இப்போது மாற்றிச் சொல்கிறேன். சோலோவில் மைக் உள்ளீடு ஒன்றுதான். நாளைக்கே யாராவது மிருதங்கமோ வயலினோ கொண்டுவந்து உட்காருவார்கள். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக் வேண்டும். அதனால் இரண்டு மைக் உள்ளீடு உள்ளது: ஸ்கார்லெட் 2ஐ2, அல்லது மோட்டு எம்2. கையில் காசு மிகவும் குறைவு என்றால் பெஹ்ரிங்கர் யூஎம்சி204எச்டி, அதில் நேரடிக் குரலையும் கணினியிலிருந்து வருவதையும் வேண்டிய அளவு கலந்து கேட்க ஒரு திருகு இருக்கிறது, பாடுபவருக்கு அது பெரிய உதவி. மூன்றுக்கும் சொந்த ஆசியோ டிரைவர் உண்டு. லேட்டன்சி ஒன்றை மட்டும் பார்த்தால் என் ஓட்டு எம்2வுக்கு. 96 கிலோஹெர்ட்ஸ், 32 சாம்பிளில் போய் வர 2.5 மில்லி விநாடி என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அந்த வேகத்தில் ஓட லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும், ஆனால் டிரைவரில் கவனம் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

ஆர்எம்இ பேபிஃபேஸ் பற்றிக் கேட்டவருக்கு: பணம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ஜெர்மன் கம்பெனி, டிரைவரைத் தாங்களே எழுதுகிறார்கள், வருடக்கணக்காகப் பழைய கருவிகளுக்கும் புதுப்பித்துத் தருகிறார்கள். பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் வாங்கலாம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். கோர் ஆடியோ அங்கே பெரும்பகுதி வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

மார்ச் 2

இன்டர்ஃபேஸ் வந்துவிட்டது, 2ஐ2, பஃபர் 64, ஆனாலும் கீபோர்டு பிந்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் ஒரு லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் பிடிப்பது) உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் லீனியர் ஃபேஸ் ஈக்யூ (தொனியைத் திருத்துவது). இரண்டும் ஒலியை முன்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை செய்யும், முன்கூட்டிப் பார்ப்பது என்றால் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து அனுப்புவது. இன்டர்ஃபேஸ் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. பதியும்போது மாஸ்டரைக் காலி செய்யுங்கள், கலவை செய்யும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

64இல் படபடவென்று வெடிக்கிறது என்றால் 128க்கு ஏறுங்கள், கீபோர்டுக்கு அதுவே தாராளம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள், இன்டர்ஃபேஸை ஹப் வழியாக இல்லாமல் நேராகச் சொருகுங்கள். அப்படியும் வெடித்தால் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், எந்த டிரைவர் குறுக்கே வந்து கணினியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். என்னுடையதில் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி.

மார்ச் 3

இது லேட்டன்சி இல்லை, ஆனாலும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். லேப்டாப் சார்ஜர் போட்டால் ம்ம்ம் என்று இரைச்சல், கழற்றினால் போய்விடுகிறது, அல்லது இன்டர்ஃபேஸின் இரும்பு உடம்பைத் தொட்டால் குறைகிறது என்றால் எர்த் பிரச்சினை. இரண்டு முள் சார்ஜர்களிலும் எர்த் சரியாக இல்லாத பழைய வீடுகளிலும் இது சகஜம். வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் இதை நன்றாகவே பிடித்துக்கொள்ளும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். அதுவரை பேட்டரியில் பதியுங்கள்.

மார்ச் 10

மாஸ்டரைக் காலி செய்ததும் சரியாகிவிட்டது, 128இல் ஓடுகிறது, கேபிள் சோதனையில் டிராக் விலகல் ஒற்றை இலக்கத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் சந்தோஷம். தங்கைக்கு டைரக்ட் மானிட்டர் போட்டுக் கொடுங்கள், டிராக் மானிட்டரை அணைக்க மறக்க வேண்டாம்.

அந்தப் பையன் இப்போது திருவாரூர் பக்கமெல்லாம் கச்சேரிக்குப் போகிறான். நேற்று வந்திருந்தான், மகளோடு ஒரு தனி ஆவர்த்தனம் பதிய. உட்கார்ந்ததும் மிருதங்கத்தை எடுக்கவில்லை, மேசையில் சுருட்டி வைத்திருந்த ஜாக் கேபிளை எடுத்து நீட்டி, "மாமா, முதல்ல இதைச் சொருகுங்க" என்றான். சொருகினோம். 2 சாம்பிள். அப்புறம்தான் சுருதி சேர்த்தான்.